கத்திரி வெயில் தாங்கும் கோழிக்கொட்டகை: 25 நாட்டுக்கோழிகளுக்கு

கேள்வி: மதுரைப் பக்கம் கிராமம். வீட்டுக் கொல்லையில் 25 நாட்டுக்கோழிகளுக்குக் கொட்டகை போட வேண்டும். நாலு பக்கமும் செங்கல் சுவர், மேலே தகர ஷீட், காற்றுக்கு ஒரு ஜன்னல் என்று கொத்தனார் சொல்கிறார். பழைய கொட்டகையும் அப்படித்தான் இருந்தது. சித்திரையில் மதியத்துக்கு மேல் நாலு கோழிகள் செத்தன. எங்கே தவறு, எப்படிக் கட்டுவது?

பதில்: அந்தத் திட்டத்தில் சுவரை விட்டுவிடுங்கள். நம் வெயிலுக்குக் கோழிக்கு வேண்டியது வீடு அல்ல. நல்ல நிழல், அந்த நிழலைச் சுற்றி உறுதியான வலை, அவ்வளவுதான். காசில் பாதிக்கு மேல் கூரைக்குப் போக வேண்டும், மிச்சத்தில் பெரும்பங்கு வலைக்கு. சுவருக்கு ஒரு அடி போதும்.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன், அது புரிந்தால் மற்ற அளவுகள் எல்லாம் தானாக விளங்கும். கோழிக்கு வியர்க்காது. அதன் உடம்புச் சூடு சாதாரணமாகவே 41 டிகிரி செல்சியஸ் பக்கம். சுற்றியுள்ள காற்று அதைவிடக் குளிர்ந்திருந்தால் கொண்டை, தாடி, கால், இறக்கைக்கு அடிப்பக்கம் வழியாகச் சூடு வெளியேறும். காற்று 30 டிகிரியைத் தாண்டியதும் அந்த வழி சுருங்குகிறது. அப்போது கோழி இறக்கையை உடம்பிலிருந்து விலக்கி, வாயைத் திறந்து மூச்சிரைக்கும். தொண்டைக்குழி படபடவென்று துடிப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்தால் பார்க்கலாம். உள்ளிருக்கும் ஈரத்தை ஆவியாக்கித் தன்னைக் குளிர்விக்கும் வேலை அது. இப்படி மணிக்கணக்கில் இரைத்தால் இரத்தத்தில் கரியமில வாயு குறையும், முட்டை ஓடு மெலியும். இரைத்தும் சூடு அடங்காமல் உடம்பு 46, 47 டிகிரிக்குப் போனால் கோழி விழுந்துவிடும். மதியம் இரண்டு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் இடையில், கொழுத்த கோழிதான் முதலில் விழும். உங்கள் நாலும் அப்படிப் போனவை என்றால் வெயில்தான் காரணம். விடியற்காலையில் செத்துக் கிடந்து, வெள்ளையாகவோ பச்சையாகவோ கழிந்திருந்தால் அது வெள்ளைக் கழிச்சலாக இருக்கலாம். அதைக் கொட்டகையால் தீர்க்க முடியாது, கால்நடை மருத்துவரிடம் போக வேண்டும்.

செங்கல் சுவர் இதில் இரண்டு விதமாகக் கெடுக்கிறது. பகலில் காற்றை மறிக்கிறது. பகல் முழுக்க உறிஞ்சிய சூட்டை இரவு பத்து மணி வரை உள்ளே விடுகிறது. கோழி இரவில் ஆறினால்தான் மறுநாள் வெயிலைத் தாங்கும். தகரம் நேர்மாறு: உடனே காய்ந்து, உடனே ஆறும். ஆனால் மதியம் அது அடுப்பின் மேல் வைத்த தோசைக்கல். கீழே இருக்கும் கோழியின் முதுகில் அந்த அனல் நேராக இறங்கும், காற்று எவ்வளவு வந்தாலும்.

இனி அளவுகள். நீளம் 12 அடி, அகலம் 6 அடி, மொத்தம் 72 சதுர அடி. 25 கோழிக்கு ஆளுக்கு மூன்று சதுர அடி கிட்ட வரும். பகலில் வெளியே மேய்ந்துவிட்டு இரவுக்கு மட்டும் அடையும் கோழிக்கு ஒன்றரை சதுர அடி போதும் என்பார்கள். அது மார்கழிக்குச் சரி. கோடையில் கோழிகள் ஒன்றையொன்று தொடாமல் படுக்க இடம் வேண்டும், ஏனென்றால் பக்கத்துக் கோழியும் ஒரு அடுப்புதான்.

நீளவாக்கு கிழக்கு மேற்காக இருக்கட்டும். காலையிலும் மாலையிலும் சாய்வாக வரும் வெயிலைக் கூரையால் மறைக்க முடியாது. அது குறுகிய பக்கத்தில் மட்டும் படும்படி செய்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. நீளமான தெற்குப் பக்கம் தென்றலுக்குத் திறந்திருக்கும். ஆனி, ஆடியில் காற்று மேற்கிலிருந்து வீசும் ஊர் என்றாலும் திசையை மாற்ற வேண்டாம். குறுகிய பக்கங்களையும் வலையாகவே விட்டால் அந்தக் காற்றும் உள்ளே வந்து போகும்.

இங்கே பலர் தவறவிடும் ஒரு விஷயம். தெற்கே மட்டும் கூரையை நீட்டி, வடக்கைக் குட்டையாக விடுகிறார்கள், வடக்கிலிருந்து வெயில் வராது என்ற நினைப்பில். மதுரைக்கு அது பொருந்தாது. சித்திரை முதல் வாரத்தில் சூரியன் நேர் உச்சிக்கு வந்து, அதற்குப் பிறகு ஆவணி பத்தாம் தேதி வரை நண்பகலில் உச்சிக்கு வடக்கேதான் நிற்கிறது. காலை, மாலை வெயிலும் வடகிழக்கு, வடமேற்கு மூலைகளிலிருந்து சாய்ந்து அடிக்கிறது. ஆக, கத்திரி வெயில் முழுக்க வடக்குப் பக்கமும் வெயில் பக்கம்தான். இரண்டு பக்கமும் மூன்று அடி கூரையை வெளியே நீட்டுங்கள். கிழக்கிலும் மேற்கிலும் இரண்டடி.

கூரை இருபக்கச் சரிவு. முகடு தரையிலிருந்து 9 அடி, வலையின் மேல் விளிம்பில் 7¼ அடி, நீட்டிய கூரையின் நுனியில் ஐந்தரை அடி. சரிவு சுமார் 30 டிகிரி வரும். நீட்டிய கூரை தாழ்வாக இறங்குவதால் கதவை வடக்கு, தெற்கில் வைக்காமல் கிழக்குக் குறுகிய பக்கத்தில் வையுங்கள்.

கூரைக்கு எதைப் போடுவது? வெறும் கீற்று நல்ல குளிர்ச்சி, ஆனால் 30 டிகிரிச் சரிவில் அது ஒழுகும். கீற்று மட்டும் என்றால் 40, 45 டிகிரிச் சரிவு வேண்டும், அப்போது முகடு இன்னும் உயரும். மங்களூர் ஓடு நல்லது, ஆனால் அதன் எடைக்குக் கை மரமும், ஓட்டைத் தாங்கும் ரீப்பர் சட்டமும் கூடுதலாக வேண்டும். பழைய ஓடு கைவசம் இருந்தால் தாராளமாகப் போடுங்கள். கல்நார் ஷீட் வேண்டாம். அதை அறுத்தாலும் உடைந்தாலும் வரும் தூசி நுரையீரலுக்குக் கேடு. கையில் காசு அதிகம் இல்லாதவருக்கு நான் சொல்வது ஷீட்டும் கீற்றும் சேர்ந்த கூரை: மழைக்கு ஷீட், வெயிலுக்குக் கீற்று.

மூன்றரை அடி அகலம், ஏழடி நீளமுள்ள ஷீட் சரிவுக்கு ஐந்து, ஆக மொத்தம் பத்து. ஒன்றின் மேல் ஒன்று ஏறியது போக 16 அடி நீளம் சரியாக மூடும். வெள்ளை நிறம் கேட்டு வாங்குங்கள். கூலிங் ஷீட் என்று தனி விலை சொன்னால் மயங்க வேண்டாம், மேலே கீற்று வரத்தான் போகிறது. முகட்டில் இரண்டு சரிவும் முட்டாமல் அரை அடி இடைவெளி விட்டு, அதற்கு மேல் அரை அடி உயரத்தில் ஒரு தொப்பி ஷீட் கவிழ்த்து, இடைவெளியை வலையால் அடையுங்கள். காற்றே இல்லாத மதியத்தில் மேலே தேங்கும் சூடு அந்த வழியாகத்தான் வெளியேறும்.

இப்போது முக்கியமான வேலை. கீற்றை ஷீட் மேல் நேராகப் படுக்கவைக்காதீர்கள். ஒட்டிக் கிடக்கும் கீற்று மழையில் நனைந்தால் வாரக்கணக்கில் காயாது. கீழே ஷீட் துருவேறும், மேலே கீற்று மக்கும். ஷீட்டின் மேல் சவுக்குக் கம்போ பிளந்த மூங்கிலோ வைத்துக் கட்டி, மூன்று நாலு அங்குல இடைவெளி வரும்படி தூக்கிவிட்டு, அந்தச் சட்டத்தின் மேல் கீற்று வேயுங்கள். நடுவில் ஓடும் காற்று கீற்றின் சூட்டை ஷீட்டுக்கு வரவிடாது. மதியம் உள்ளே நின்று கையை மேலே நீட்டி ஷீட்டைத் தொட்டுப் பாருங்கள். கை பொறுக்கும் அளவுக்கு இருந்தால் கூரை சரி. வரிசைக்கு வரிசை அரை அடி விட்டு வேய்ந்தால் 90 கீற்று அளவுக்குப் பிடிக்கும். மேலே பழைய மீன்வலையை விரித்து நான்கு பக்கமும் இழுத்துக் கட்டுங்கள், கோடைமழைக்கு முன்னால் வரும் சூறைக்காற்று முதலில் தூக்குவது கீற்றைத்தான். ஒன்றிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டிவரும். தீபாவளிக்கு முதல் நாள் கீற்றைத் தண்ணீர் விட்டு நன்றாக நனைத்துவிடுங்கள். வீட்டு அடுப்புப் பொறியும் ராக்கெட் பட்டாசும் கீற்றுக்கு எமன்.

கீற்று கிடைக்காத ஊரில் ஷீட்டுக்கு வெயில் தடுக்கும் வெள்ளைப் பெயிண்ட் இரண்டு கோட் அடிக்கலாம். சுண்ணாம்பு அடிப்பது ஓட்டுக்கும் சிமெண்டுக்கும் பொருந்தும், தகரத்துக்கு வேண்டாம். ஈரச் சுண்ணாம்பு துத்தநாகப் பூச்சை அரிக்கும், மழைக்கு உரிந்தும் போகும்.

தூணுக்கு இரண்டு அங்குல ஜிஐ பைப் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்) அல்லது வேலிக்கு நடும் கல்தூண். நீளப் பக்கத்துக்கு நாலடிக்கு ஒன்றாக நான்கு, இரண்டு பக்கமும் எட்டு. முகட்டைத் தாங்கக் குறுகிய பக்கங்களின் நடுவில் ஒன்றொன்று. எல்லாம் மண்ணுக்குள் இரண்டடி, கான்கிரீட் போட்டு. சவுக்குத் தூண் மலிவு, ஆனால் மண்ணில் நிற்கும் பகுதியைக் கரையான் சீக்கிரம் தின்றுவிடும். மூன்றடி நீண்ட கூரையின் அடியில் காற்று புகுந்து தூக்கும் என்பதால் ஒவ்வொரு தூணிலிருந்தும் கூரை நுனிக்குச் சாய்வாக ஒரு முட்டு கொடுக்க வேண்டும். ஷீட்டை ஆணியடித்து நிறுத்தாதீர்கள், கொக்கி மாதிரி வளைந்த ஜே போல்ட் போட்டு முடுக்குங்கள்.

தரை சுற்றுமண்ணைவிட ஓரடி உயரம். ஐப்பசி, கார்த்திகை மழைத் தண்ணீர் உள்ளே வந்துவிட்டால் உமி ஊறி, அமோனியா நெடி கிளம்பி, கோழிக்குக் கண்ணும் மூக்கும் ஒழுகும். சுற்றிலும் செங்கல் கட்டு, அதன் அஸ்திவாரம் மண்ணுக்குள் ஒன்றரை அடி. பெருச்சாளி தோண்டி வருவதை இது தடுக்கும். உள்ளே கிராவல் கொட்டித் திமிசு போட்டு இறுக்குங்கள். சிமெண்டுத் தளம் கழுவ எளிது என்பது உண்மை. ஆனால் கோழி மதியத்தில் மண்ணைக் கிளறிப் பள்ளம் பண்ணி வயிற்றை அதில் வைத்துப் படுக்கும். அடிமண்ணின் குளிர்ச்சி அதற்கு மருந்து. 25 கோழிக்கு மண் தரையே மேல்.

தரைக்கு மேல் ஓரடிச் சுவர். உமி வெளியே சிதறாமல் இருக்கவும் மழைச் சாரலுக்கும் அது போதும். அதற்கு மேல் கூரை வரை வலை. அரை அங்குலக் கண் உள்ள வெல்டு மெஷ் (கம்பிகளைப் பற்றவைத்த வலை) வாங்குங்கள், சுற்றளவு 36 அடிக்கு, குறுகிய பக்கங்களில் முகட்டுக்குக் கீழே வரும் முக்கோணப் பகுதியும் சேர்த்து 250 சதுர அடி பிடிக்கும். அறுகோணக் கண் உள்ள மெல்லிய கோழி வலை கோழியை உள்ளே வைக்கும், நாயை வெளியே வைக்காது. கீரி, மரநாய், சாரைப்பாம்பு மூன்றும் தேடுவது ஒரு ஓட்டையைத்தான். மரநாய் கூரை வழியாக வரும். அதனால் ஷீட்டுக்கும் வலைக்கும் நடுவே ஷீட்டின் வளைவில் விழும் சந்துகளையும் அடையுங்கள், பெரும்பாலான கொட்டகையில் திறந்து கிடப்பது அதுதான். சுவருக்கு வெளியே ஒன்றரை அடி அகலத்துக்கு வலையைத் தரையோடு படுக்கவைத்து மேலே மண் போட்டால் தோண்டும் நாய் அந்த இடத்திலேயே நின்றுவிடும். கதவுக்குக் கீழே அரை அங்குலத்துக்கு மேல் சந்து கூடாது. கொண்டி மட்டும் போதாது, தாழ்ப்பாளும் வேண்டும்.

மேற்கு வெயிலுக்குத் தனி ஏற்பாடு. மாலை மூன்றிலிருந்து ஆறு வரை அடிக்கும் வெயில்தான் கோழியைக் கொல்வது, ஏற்கெனவே நொந்துபோன உடம்பின் மேல் அது விழுகிறது. வலையை ஒட்டித் தட்டி கட்டினால் காற்று நின்றுவிடும். வலையிலிருந்து இரண்டடி தள்ளி, கூரை நுனியிலிருந்து தரைக்கு ஓரடி மேலே வரை கீற்றுத் தட்டியைத் தொங்கவிடுங்கள், நடுவில் காற்று ஓடட்டும். நிரந்தர வழி மரம். பத்தடி தள்ளி மேற்கில் ஒரு புங்கன் வையுங்கள், கோடையில் அடர்ந்த நிழல் தரும். வேம்பும் நல்லது. முருங்கை சீக்கிரம் வளரும், ஆனால் கிளை முறிந்து கூரையில் விழும், தள்ளியே இருக்கட்டும். மரம் வளரும் வரை ஒரு பந்தல் போட்டுக் கோவையோ பீர்க்கையோ ஏற்றிவிடுங்கள். கிழக்கை மறைக்க வேண்டாம். ஒன்பது மணி வரை வரும் காலை வெயில் உமியைக் காயவைக்கும்.

உள்ளே உமி இரண்டு அங்குலம் போதும். நாலு, ஆறு அங்குலம் என்பது குளிர் ஊர்க் கணக்கு. கனத்த உமி எச்சத்தோடு சேர்ந்து புளித்துத் தானே சூடாகும். அது அங்கே வரம், இங்கே தண்டனை. 72 சதுர அடிக்கு ஐந்தாறு சாக்கு உமி வேண்டும். கடலைத் தோலும் ஆகும். தேங்காய் நார்க்கழிவு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், கோடையில் பரவாயில்லை, அடைமழைக்கு ஆகாது. இரண்டு நாளைக்கு ஒருமுறை காலையில் கிளறிவிடுங்கள், மதியத்தில் கிளறினால் தூசியும் நெடியும் மூச்சிரைக்கும் கோழிக்குள் போகும். ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பாருங்கள். உருண்டையாக நின்றால் ஈரம் மிஞ்சிவிட்டது, அந்த இடத்து உமியை அள்ளிவிட்டுப் புதிது போடுங்கள்.

உட்காரும் கம்பு நீளவாக்கில் இரண்டு, தரையிலிருந்து இரண்டரை அடி, இரண்டும் ஒரே உயரம். உயரம் மாறினால் மேல் கம்புக்குச் சண்டை போட்டு ஒரே இடத்தில் நெருக்குவார்கள். இரண்டங்குலக் கட்டையின் மேல் விளிம்பை இழைத்து உருட்டிவிடுங்கள். 24 அடியில் 25 கோழி தாராளமாக உட்காரும். மூங்கில் வேண்டாம் என்பேன், அதன் துளையிலும் வெடிப்பிலும் கோழி உண்ணி குடியேறும். பகலில் சந்தில் ஒளிந்து, இரவில் வந்து இரத்தம் குடிக்கும் பூச்சி அது. கோழி மெலிகிறது, ஆனால் உடம்பில் ஒன்றும் காணோம் என்றால் இரவு டார்ச் அடித்துக் கம்பின் அடிப்பக்கத்தைப் பாருங்கள்.

முட்டைப் பெட்டி நாலைந்து கோழிக்கு ஒன்றாக ஐந்து. ஓரடிக்கு ஓரடி, மரப்பலகை, பின்பக்கம் வலை, வடக்கு ஓரத்தில் கம்பைவிடத் தாழ்வாக. தகர டின்னைப் படுக்கவைத்துப் பெட்டியாக்குவது கோடையில் அடைக்கோழியை வேகவைக்கும். சித்திரை பாதியிலிருந்து வைகாசி பாதி வரை அடை வைக்காமல் இருப்பது நல்லது.

தண்ணீரில்தான் பலர் சறுக்குகிறார்கள். ஒரு கோழி ஒரு நாளில் சாதாரணமாகக் கால் லிட்டர் குடிக்கும், வெயிலில் அதற்கு இரண்டு மடங்கும் அதற்கு மேலும். 25 கோழிக்குக் கோடையில் 12 லிட்டருக்குக் குறையாமல் வேண்டும். அளவைவிடச் சூடு முக்கியம். மாடியில் காயும் கறுப்புத் தொட்டியிலிருந்து பைப் இழுத்து, கொத்தினால் சொட்டும் நிப்பிள் மாட்டினால், தாகம் அதிகமாக உள்ள இரண்டு மணிக்குக் குழாயில் வெந்நீர்தான் நிற்கும். கோழி இரண்டு சொட்டுக் குடித்துவிட்டு ஒதுங்கும். மண்சட்டி நாலு, நிழலில், நாலு மூலைக்கும் ஒன்று. கோழி உள்ளே இறங்காதபடி சட்டியின் நடுவில் ஒரு கல். பதினொரு மணிக்கும் இரண்டு மணிக்கும் பழைய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதிது ஊற்றுங்கள்.

தீவனம் காலை ஒன்பதுக்குள், மாலை ஐந்துக்கு மேல். தின்ற தீவனம் செரிக்கும்போது உடம்பு சூடாகும், அந்தச் சூடு சில மணி நேரம் கழித்துத்தான் உச்சத்துக்கு வரும். பதினொரு மணிக்குத் தின்ற கோழிக்கு வெயிலும் செரிமானச் சூடும் ஒன்றாக மோதும்.

நனைத்த சாக்கு தொங்கவிடுவது உங்கள் ஊருக்கு உதவும், மதுரை, விருதுநகர், திருச்சி, வேலூர் மாதிரி வறண்ட வெயிலில் ஈரம் சட்டென்று ஆவியாகும். காற்று வரும் பக்கத்தில், வலையில் பாதியை மட்டும் மறைத்து. முழுக்க மறைத்தால் காற்றும் நிற்கும், உள்ளே புழுக்கமும் ஏறும். நாகப்பட்டினம், தூத்துக்குடி, சென்னைக் கரையோரத்தில் இந்த வித்தை பலிக்காது. காற்றிலேயே ஈரம் நிறைந்திருக்கும்போது மேலும் ஈரம் சேர்த்தால் கோழியின் மூச்சிரைப்புக்கே பலன் போய்விடும். அங்கே பட்டனைத் தட்டினால் பனித்துளி தெளிக்கும் கருவியைவிடக் கோழியின் முதுகு உயரத்தில் வைத்த ஒரு சாதாரண மின்விசிறி மேல். கூரைக்கு மேல் தண்ணீர் தெளிப்பது மட்டும் எல்லா ஊருக்கும் பொருந்தும், அந்த ஈரம் கொட்டகைக்குள் வருவதில்லை. முகட்டில் ஒரு துளையிட்ட குழாய் படுக்கவைத்து, பதினொன்றிலிருந்து நாலு மணிக்குள் மூன்று தடவை பத்து நிமிஷம் திறந்துவிட்டால் போதும்.

மழைக்காலத்துக்குப் படுதா. வடக்கிலும் கிழக்கிலும், ஏனென்றால் ஐப்பசி மழை வடகிழக்கிலிருந்து அடிக்கும். படுதாவின் அடிப்பக்கத்தை ஓரடிச் சுவரில் பிணைத்துவிட்டு, கயிற்றால் கீழிருந்து மேலே தூக்கும்படி அமையுங்கள். எவ்வளவு மழையானாலும் மேலே ஓரடி திறந்தே இருக்கும், நெடி வெளியேறும். தை பிறந்ததும் கழற்றி மடித்து வைத்துவிடுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் ஒரு கோழி கழுத்தை நீட்டிப் படுத்துவிட்டால், கழுத்துக்குக் கீழே உடம்பைச் சாதாரணக் கிணற்றுத் தண்ணீரில் முக்கி எடுத்து, நிழலில் காற்று படும் இடத்தில் விடுங்கள். ஐஸ் தண்ணீர் வேண்டாம். வாயைத் திறந்து ஊற்றாதீர்கள், இரைக்கும்போது அது மூச்சுக்குழலில் இறங்கிவிடும். தலை நிமிர்ந்ததும் சட்டியைப் பக்கத்தில் வைத்தால் அதுவே குடிக்கும்.

மாசியில் தூண் நட்டால் பங்குனிக்குள் கீற்று ஏறிவிடும். கோழியை விடுவதற்கு முன் ஒரு வெயில் நாளில், மதியம் இரண்டரை மணிக்கு, கொட்டகைக்குள் தரையிலிருந்து ஓரடி உயரத்தில் ஒரு வெப்பமானியைத் தொங்கவிடுங்கள். இன்னொன்றைப் பக்கத்து வேப்பமர நிழலில் அதே உயரத்தில். அரை மணி நேரம் கழித்து இரண்டையும் பாருங்கள். ஒரு டிகிரி வித்தியாசம் என்றால் கோழியை விடலாம். மூன்று நாலு டிகிரி கூடுதலாகக் காட்டினால், முதலில் ஷீட்டைத் தொட்டுப் பாருங்கள், சுட்டால் கீற்று மெல்லியதாகிவிட்டது. ஷீட் சுடவில்லை என்றால் எங்கோ காற்று மறிக்கப்படுகிறது. ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்தி உள்ளே பிடித்து நின்றால் புகை எந்தப் பக்கம் போகாமல் சுற்றுகிறது என்று தெரியும், அந்தப் பக்கத்துத் தட்டியை இன்னும் ஓரடி தள்ளிக் கட்டுங்கள்.